மணாளனே மங்கையின் பாக்கியம் (சுவர்ண சுந்தரி): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பழைய படத்தில் வரும் "தேசுலாவுதே", "அழைக்காதே" ஆகிய இரண்டு பாட்டுகளையும் பாடக் கற்கிறவர்களும், மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர்களும், பழைய படங்களைத் தேடிப் பார்க்கிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். படத்தைப் பற்றிய எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. ராகம், ஸ்ருதி பற்றியவை பின்னால் இருக்கின்றன.

சுவர்ண சுந்தரி, ஸ்வர்ண சுந்தரி, மணாளனே மங்கையின் பாக்கியம்... எல்லாம் ஒரே படம்தானா?

கதை ஒன்று, மெட்டுகளும் ஒன்று, படங்கள் மூன்று. தெலுங்கில் 1957-ல் வந்தது "சுவர்ண சுந்தரி". அதே ஆண்டு தமிழில் வந்தது "மணாளனே மங்கையின் பாக்கியம்". ஹிந்திப் படத்துக்கும் "சுவர்ண சுந்தரி" என்றே பெயர். இணையத்தில் தேடும்போது 2023-ல் இதே பெயரில் வந்த புதிய தெலுங்குப் படமும் சேர்ந்து வரும், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அஞ்சலி தேவி பெயரையும் சேர்த்துத் தேடினால் குழப்பம் தீரும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன், பாட்டு மட்டும்தான் தெரியும்.

மாளவ தேசத்து இளவரசன் ஜயந்தன். குருவின் மகள் அவன்மேல் ஆசைப்படுகிறாள். அவன் இசையாததால் வீண்பழி சுமத்துகிறாள். தந்தையின் கோபத்துக்கு ஆளான அவன் நாட்டைவிட்டுப் போகிறான். வழியில் ஒட்டிக்கொள்ளும் தோழர்கள், மாயப் பொருள்கள் என்று பாட்டி சொல்லும் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் உண்டு. தெலுங்கில் அந்தத் தோழர்களில் ஒருவராக வருகிறவர் ரேலங்கி.

கார்த்திகைப் பௌர்ணமி இரவில் சிவனை வழிபட பூமிக்கு வரும் தேவலோகத்து நாட்டியக்காரிதான் சுவர்ண சுந்தரி. ஜயந்தன் அவளைப் பார்க்கிறான், காதல் பிறக்கிறது. வேண்டும்போது தன்னை அழைக்க ஒரு புல்லாங்குழலை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். விஷயம் இந்திரனுக்குத் தெரிந்ததும் சாபம் விழுகிறது. பிறகு பிரிவு, அலைச்சல், குழந்தை, கடைசியில் சேர்க்கை. அந்தக் குழலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், "அழைக்காதே" பாட்டுக்கு அதுதான் திறவுகோல்.

தமிழ்ப் படம் தெலுங்கின் டப்பிங் தானே?

இல்லை. தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ் நாயகன், தமிழில் ஜெமினி கணேசன். தமிழுக்கென்று தனியாகப் படமாக்கினார்கள். அஞ்சலி தேவி இரண்டிலும் நாயகி. ஹிந்தியில் மறுபடியும் நாகேஸ்வர ராவும் அஞ்சலி தேவியும்.

டப்பிங் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம் இதே அஞ்சலி பிக்சர்ஸ் நிறுவனத்தின் "அனார்கலி" (1955). அது தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழில் குரல் மாற்றி வந்தது, அதில் தமிழிலும் திரையில் வரும் நாயகன் நாகேஸ்வர ராவேதான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

"ராஜசேகரா என்மேல் மோடி செய்யலாகுமா" இந்தப் படத்தில்தானே வருகிறது?

இல்லை, அது "அனார்கலி". நாயகி, இசையமைப்பாளர், இயக்குநர், நிறுவனம் எல்லாம் ஒன்று. அரண்மனைச் சூழலும் அதேபோல். போதாக்குறைக்கு "ராஜசேகரா"வும் "அழைக்காதே"யும் ஹிந்தோள ராகத்தில் அமைந்தவை. அதனால் காது இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. உடையைப் பாருங்கள்: முகலாய உடை என்றால் அனார்கலி.

எடுத்தது யார், இசை யார்?

அஞ்சலி பிக்சர்ஸ், அதாவது அஞ்சலி தேவியும் அவர் கணவர் பி. ஆதிநாராயண ராவும் நடத்திய நிறுவனம். இசையும் ஆதிநாராயண ராவ்தான். காக்கிநாடா நாடக மேடையிலிருந்து வந்தவர். தயாரிப்பாளரும் இசையமைப்பாளரும் ஒருவரே என்பதால், ஒரு பாட்டுக்கு நான்கு ராகம் எதற்கு, ஜனங்களுக்குப் புரியுமா என்று குறுக்கே நிற்க ஆளில்லை. "தேசுலாவுதே" போன்ற ஒன்று ஜனரஞ்சகப் படத்தில் இடம் பிடித்ததற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறோம்.

இயக்கியவர் வேதாந்தம் ராகவய்யா. "தேவதாசு" (1953) எடுத்தவர் என்றால் உடனே தெரியும். அவர் குச்சிப்புடி ஆடும் பரம்பரையில் வந்த கலைஞர். ஆடிப் பழகிய கண் அவருடையது. தெலுங்குப் பாட்டுகளை எழுதியவர் சீனியர் சமுத்ராலா. ஹிந்தியில் பரத் வியாஸ்.

"தேசுலாவுதே" பாடியது ஜிக்கியா, சுசீலாவா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டு தரப்பும் சொல்வது ஓரளவு சரி, ஆனால் வேறு வேறு மொழிக்கு. தெலுங்கில் "ஹாயி ஹாயிகா ஆமனி ஸாகே": கண்டசாலா, ஜிக்கி. தமிழில் "தேசுலாவுதே தேன் மலராலே": கண்டசாலா, பி. சுசீலா. ஹிந்தியில் "குஹூ குஹூ போலே கோயலியா": முகம்மது ரஃபி, லதா மங்கேஷ்கர்.

"அழைக்காதே நினைக்காதே" தமிழில் சுசீலா. அதன் தெலுங்கு மூலமான "பிலுவகுரா அலுககுரா"வும் சுசீலாதான். பதிவேற்றுகிறவர்கள் தெலுங்குப் பெயர்ப்பட்டியலை அப்படியே தமிழுக்கு ஒட்டுவதால்தான் ஜிக்கி பெயர் தமிழிலும் ஏறிவிடுகிறது. தெலுங்குப் பதிவையும் தமிழ்ப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜிக்கியின் குரலில் ஒரு பிள்ளைத்தனமான துடிப்பு இருக்கும், சுசீலாவின் குரல் நூல் பிடித்ததுபோல் நேராக வரும். இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

"தேசுலாவுதே" என்றால் என்ன? தேசம் உலாவுகிறதா?

தேசு + உலாவுதே. தேசு என்றால் ஒளி, பொலிவு. சிவபுராணத்தில் "தேசனே தேனார் அமுதே" என்று வருகிறதே, அங்கே தேசன் என்பது ஒளியுடையவன். தேன் மலரால் ஒளி உலா வருகிறது என்பது முதல் வரி.

பாடும்போது "தேசு... லாவுதே" என்று வெட்டினால் பொருள் கெடும். "தேசுலா" என்று சேர்த்துப் பிடித்து, "வுதே"யில் இறங்குங்கள். மூன்று மொழியும் இங்கே ஒரே மெட்டுக்கு வேறு வேறு வாசல் திறக்கின்றன. தெலுங்கில் "ஆமனி" என்றால் வசந்தம், அது இதமாக நடந்து வருகிறது. ஹிந்தியில் குயில் கூவுகிறது. தமிழில் மலரின் ஒளி.

இந்தப் பாட்டு என்ன ராகம்? ஒருவர் ஹம்சானந்தி என்கிறார், இன்னொருவர் கல்யாணி என்கிறார்.

ராகமாலிகை, அதாவது பல ராகங்களை மாலைபோல் தொடுத்த பாட்டு. வரிசை இது: சோஹினி, பஹார், ஜோன்புரி, யமன். நான்கும் ஹிந்துஸ்தானி ராகங்கள். ஹம்சானந்தி என்றவர் தொடக்கத்தையும் கல்யாணி என்றவர் முடிவையும் கேட்டுச் சொல்லியிருக்கிறார்.

ஸ்வரங்களைக் கொடுங்கள், கீபோர்டில் எந்தக் கட்டைகள் என்றும் சொன்னால் நல்லது.

ஸ (ஸட்ஜம்), ரி (ரிஷபம்), க (காந்தாரம்), ம (மத்யமம்), ப (பஞ்சமம்), த (தைவதம்), நி (நிஷாதம்) என்பவை ஏழு ஸ்வரங்கள். பக்கத்தில் உள்ள எண் கூடினால் அந்த ஸ்வரத்தின் உயரம் கூடும். "ஸ்" என்பது மேல் ஸட்ஜம். வெள்ளை 1 (ஒரு கட்டை) ஸட்ஜம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நிஷாதம் வரை வெள்ளைக் கட்டைகள் 7, கறுப்புக் கட்டைகள் 5. சோஹினி: ஸ (வெள்ளை 1), ரி1 (கறுப்பு 1), க3 (வெள்ளை 3), ம2 (கறுப்பு 3), த2 (வெள்ளை 6), நி3 (வெள்ளை 7). பஞ்சமம் கிடையாது. ஏறும்போது ரிஷபத்தைத் தாண்டி ஸ க3 ம2 த2 நி3 ஸ். இறங்கும்போது ஸ் நி3 த2, ம2 த2 ம2 க3, ரி1 ஸ.

பஹாருக்கு: ஸ (வெள்ளை 1), ரி2 (வெள்ளை 2), க2 (கறுப்பு 2), ம1 (வெள்ளை 4), ப (வெள்ளை 5), த2 (வெள்ளை 6), நி2 (கறுப்பு 5), நி3 (வெள்ளை 7). இதை நேராக ஏறி இறங்கினால் பஹார் வராது. ஸ ம1, ம1 ப க2 ம1, நி2 த2 நி3 ஸ் என்று ஏறி, ஸ் நி2 ப, ம1 ப க2 ம1, ரி2 ஸ என்று இறங்க வேண்டும்.

ஜோன்புரி: ஸ ரி2 ம1 ப த1 நி2 ஸ், ஸ் நி2 த1 ப ம1 க2 ரி2 ஸ. கட்டைகள்: வெள்ளை 1, 2, 4, 5 மற்றும் கறுப்பு 2, 4, 5. யமன்: நி3 ரி2 க3 ம2 த2 நி3 ஸ் என்று கீழ் நிஷாதத்திலிருந்து ஏறி, ஸ் நி3 த2 ப ம2 க3 ரி2 ஸ என்று இறங்குவது. கறுப்பு 3 ஒன்றைத் தவிர எல்லாம் வெள்ளை.

ராகம் மாறும் இடம் காதுக்குப் பிடிபடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

சொற்களை அடையாளமாக வைத்துக்கொள்வது எளிது. தெலுங்கில் வசந்தம் வரும் வரிகள் சோஹினி. மேகராஜனும் மின்னல்கொடியும் வரும் வரிகள் பஹார். "சூடுமா சந்தமாமா" என்று நிலவைக் காட்டும் இடம் ஜோன்புரி. அதற்குப் பிறகு யமன். ஹிந்தியிலும் இதே வரிசைதான்: குயில், மின்னல், நிலவொளி, இனிய இரவு. பருவங்கள் நகரும்போது ராகமும் நகர்கிறது.

தமிழ்ப் பதிவை மட்டும் வைத்துப் பழகுகிறவர்கள் மத்யமத்தைக் கவனியுங்கள். சோஹினியில் பிரதி மத்யமம் (ம2), பஹாரிலும் ஜோன்புரியிலும் சுத்த மத்யமம் (ம1), யமனில் மறுபடி பிரதி மத்யமம். தம்புரா ஓடும்போது ம1 நிம்மதியாக உட்காரும், ம2 எங்கோ போகத் துடிக்கும். இந்த வேறுபாடு பிடிபட்டால் மூன்று மாற்றங்களில் இரண்டு தெரிந்துவிடும். மீதி ஒன்றை, அதாவது பஹாரிலிருந்து ஜோன்புரிக்குப் போவதை, தைவதம் அரை ஸ்வரம் இறங்குவதில்தான் கண்டுபிடிக்க முடியும்.

சோஹினி என்பதும் ஹம்சானந்தி என்பதும் ஒன்றா இல்லையா?

ஸ்வரங்கள் ஒன்று, நடை வேறு. ஹம்சானந்தியில் ரிஷபம் ஏறும்போதும் வரலாம், கீழ், நடு, மேல் என்று மூன்று ஸ்தாயியிலும் விரிவாகப் பாடலாம், கமகமும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) அதிகம். சோஹினி மேலேயே வசிக்கிற ராகம். மேல் ஸட்ஜத்தைச் சுற்றிச் சுற்றி வரும், ரிஷபத்தை இறங்கும்போது மட்டும் லேசாகத் தொடும்.

ஹிந்துஸ்தானியில் இதே ஆறு ஸ்வரத்தில் மார்வா, பூரியா என்று இன்னும் இரண்டு ராகங்கள் உண்டு. மார்வாவில் ரிஷபமும் தைவதமும் ஓங்கி நிற்கும். பூரியா கீழ் ஸ்தாயியில், காந்தாரத்தையும் நிஷாதத்தையும் பிடித்துக்கொண்டு நடக்கும். ஆகவே "ஸ்வரம் சரியாகத்தான் பாடுகிறேன், பாட்டு மாதிரி இல்லையே" என்று தோன்றினால் நீங்கள் கீழே அதிக நேரம் நிற்கிறீர்கள் என்று பொருள். மேல் ஸட்ஜத்துக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஹம்சானந்தி மாதிரி நான் கற்ற கர்நாடக ராகங்களை வைத்து மற்ற மூன்றையும் பிடிக்க முடியுமா?

ஜோன்புரியைப் பிடிக்கலாம். "எப்போ வருவாரோ" கற்றவருக்கு அது கையிலேயே இருக்கிறது. யமனுக்குக் கல்யாணி உதவும், ஆனால் கல்யாணியின் அசைவைக் குறைத்து ஸ்வரங்களை நேராக நிறுத்த வேண்டும். யமுனா கல்யாணி பாடிப் பழகியவர்கள் கவனம்: அதில் சுத்த மத்யமம் வந்துபோகும், யமனில் வரக்கூடாது. பழக்கத்தில் அது நழுவி விழுவதை அடிக்கடி கேட்கிறோம்.

பஹாருக்குச் சரியான இணை கர்நாடகத்தில் இல்லை. கானடா தெரிந்தவர்களுக்கு "க2 ம1 ரி2 ஸ" என்ற இறக்கம் பழக்கமாக இருக்கும், அந்தக் கால்பங்கு உதவி. "நி2 த2 நி3 ஸ்" என்ற ஏற்றத்தைப் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

கர்நாடகக் குரலால் ஹிந்துஸ்தானி ராகம் பாட முடியாது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: கண்டசாலா விஜயநகரம் இசைக் கல்லூரியில் கர்நாடக சங்கீதம் பயின்றவர்.

மாறும் இடத்தில்தான் தப்பு வருகிறது. ராகங்கள் தனித்தனியாக நன்றாக வருகின்றன.

ஒவ்வொரு இணைப்பிலும் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று தெரிந்தால் தப்பு எங்கே என்று தெரியும். சோஹினியிலிருந்து பஹாருக்கு: ரி, க, ம மூன்றும் மாறுகின்றன, பஞ்சமமும் கைசிகி நிஷாதமும் (நி2) புதிதாக வருகின்றன, த2-வும் நி3-யும் அப்படியே. வழக்கமான பிழை, மத்யமம் பழைய உயரத்திலேயே தங்கிவிடுவது. பஹாரில் ஸட்ஜத்திலிருந்து மத்யமத்துக்கு ஒரே தாவல், அது அரை ஸ்வரம் ஏறினால் ராகமே இல்லை. "ஸ ம1, ஸ ம1" என்று தம்புராவோடு பத்து முறை பாடிவிட்டு உள்ளே நுழையுங்கள்.

பஹாரிலிருந்து ஜோன்புரிக்கு எண்ணிக்கையில் மாற்றம் மிகக் குறைவு: த2 த1 ஆகிறது, நி3 விடைபெறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் மாற்றம் சிறிது என்று குரல் அசட்டையாக இருந்துவிடுகிறது. த2 மிச்சமிருந்தால் பாட்டு கரஹரப்ரியா பக்கம் சாய்ந்துவிடும். "ப த1 ப, நி2 த1 ப" என்று பஞ்சமத்தில் சாய்ந்து தைவதத்தைத் தொட்டுப் பழகுங்கள்.

ஜோன்புரியிலிருந்து யமனுக்கு க, ம, த, நி நான்கும் அரை ஸ்வரம் உயர்கின்றன. பயமுறுத்துகிற எண்ணிக்கை, ஆனால் பாட எளிது. இருட்டறையில் ஜன்னலைத் திறந்ததுபோல் எல்லாம் ஒன்றாக மாறுவதால் குரல் தானாகவே புது இடத்துக்கு வந்துவிடும். கீழ் நிஷாதத்தை மட்டும் சுத்தமாகப் பிடியுங்கள், "நி3 ரி2 க3" வந்துவிட்டால் மீதி வரும். எங்கள் காதுக்கு இந்தப் பாட்டின் உச்சம் இந்த இணைப்புதான். ஜோன்புரியின் ஏக்கம் முடிந்து யமனின் வெளிச்சம் விழும் நொடியை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள்.

யமனில் முடித்தபின் மேடையில் பல்லவிக்குத் திரும்ப விரும்புகிறோம். எப்படி?

ரி2-ஐ ரி1 ஆக்கிப் பஞ்சமத்தை விட்டால் யமன் சோஹினியாகிவிடும். க3, ம2, த2, நி3 நான்கும் பொது. அதனால் கீழே வந்து திரும்பாதீர்கள். யமனில் ம2 த2 நி3 ஸ் என்று மேலே ஏறி, மேல் ஸட்ஜத்தில் நின்று, அங்கிருந்து சோஹினிக்கு இறங்குங்கள். ரிஷபம் வரும் வரைக்கும் ராகம் மாறியது கேட்கிறவருக்குத் தெரியாது.

ஜோன்புரி காலை ராகமாயிற்றே. நிலவுக்குப் போய் வைத்திருக்கிறாரே?

நியாயமான கேள்வி. ஹிந்துஸ்தானி கால விதிப்படி சோஹினி இரவின் கடைசி யாமம், ஜோன்புரி முற்பகல், யமன் முன்னிரவு. பஹார் வசந்த கால ராகம், அதை மழை மேகத்துக்கு வைத்திருக்கிறார். வசந்தத்தைச் சொல்லும் வரிகளுக்கோ சோஹினி. விதிப்படி பார்த்தால் கலைந்துதான் கிடக்கிறது.

ஆதிநாராயண ராவ் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு ராகத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் எடுபடும் என்று பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். ராகம் மாறும் இடங்களைப் பற்றி மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: பெரிய மாற்றம், சின்ன மாற்றம், மறுபடி பெரிய மாற்றம். சினிமாப் பாட்டின் சில நிமிடங்களுக்கு இது சரியான முடிவு. கால விதிப்படி அடுக்கியிருந்தால் இந்த ஏற்ற இறக்கம் கிடைத்திருக்காது.

"அழைக்காதே நினைக்காதே" என்று காதலனைப் பார்த்து ஏன் பாடுகிறாள்? சண்டையா?

சண்டை இல்லை, பயம். அடுத்த சொல்லைக் கேளுங்கள்: "அவைதனிலே". அவை என்பது இந்திர சபை. அவள் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறாள், பூமியில் அவன் குழலை ஊதுகிறான். குழல் கேட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது, ஆனால் சபையில் ஆட்டம் தவறினால் இந்திரன் கண்ணில் படும். உன்னை மறக்கவில்லை, இங்கே இருக்கும்போது மட்டும் கூப்பிடாதே என்று ஆடிக்கொண்டே கெஞ்சுகிறாள். தெலுங்கு "பிலுவகுரா" என்றாலும் கூப்பிடாதே என்றுதான் பொருள், நாலு பேர் நடுவில் இருக்கிறேனே என்று தொடரும்.

வெளியே கேட்பது ஆட்டப் பாட்டு, உள்ளே ஓடுவது ரகசியச் செய்தி. பாடுகிறவர்கள் இதைச் சோகப் பாட்டாக இழுத்துவிடுகிறார்கள். தாளத்தைத் தளர்த்தாதீர்கள். சபைக்கு முன்னால் முகம் மாறாமல் ஆடுகிறாள் என்பதை நினைத்துப் பாடினால் வேகம் தானாகச் சரியாக அமையும்.

"அழைக்காதே" ஹிந்தோளம் என்கிறீர்கள். ஹிந்துஸ்தானி ஹிந்தோல் ராகமும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை, பெயர் ஒற்றுமை மட்டும்தான். நம் ஹிந்தோளம் ஸ க2 ம1 த1 நி2. அதற்கு ஹிந்துஸ்தானியில் மால்கௌன்ஸ் என்று பெயர். ஹிந்துஸ்தானி ஹிந்தோல் ஸ க3 ம2 த2 நி3, நம் சுநாதவினோதினிக்குப் பக்கத்தில் வருவது. பெயரை நம்பி ஹிந்தோல் என்று தேடிப் பழகினால் ஸட்ஜத்தைத் தவிர ஒன்றும் பொருந்தாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஹிந்தோலில் ரி1 சேர்த்தால் சோஹினியின் ஸ்வரங்கள் வந்துவிடும். ஆகவே பெயர்க் குழப்பத்தால் ஹிந்தோல் கற்றுவிட்டவர்கள் வருந்த வேண்டாம், அது "தேசுலாவுதே" பல்லவிக்கு உதவும்.

பழக எந்த வரிசையில் தொடங்குவது?

பாட்டின் வரிசையில் தொடங்காதீர்கள். முதலில் யமன், பிறகு ஜோன்புரி, பிறகு சோஹினி, கடைசியில் பஹார். எளிதிலிருந்து கடினத்துக்கு இதுதான் ஒழுங்கு. ஒவ்வொன்றிலும் வெறும் ஸ்வரம், பிறகு அகாரம் ("ஆ" என்று மட்டும் பாடுவது), பிறகுதான் சொல். நான்கும் நின்றபின் இணைப்புகளை மட்டும் தனியாக எடுங்கள்: ஒரு ராகத்தின் கடைசி வரி, அடுத்த ராகத்தின் முதல் வரி, இந்த இரண்டை மட்டும் ஒட்டிப் பத்து முறை. முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தால் தப்பும் சேர்ந்து மனப்பாடமாகும்.

"தேசுலாவுதே"யை ஜோடியாகப் பாடுகிறோம், இருவருக்கும் ஒத்துவருகிற ஸ்ருதி கிடைக்கவில்லை.

பல்லவியைப் பாடிப் பார்த்து ஸ்ருதி முடிவு செய்வதால் வரும் சிக்கல் இது. இரண்டு முனைகளைச் சோதியுங்கள். சோஹினிக்கு மேல் ஸட்ஜத்தைத் தாண்டி மேல் காந்தாரம் வரை தெளிவாக எட்ட வேண்டும், யமனுக்குக் கீழ் நிஷாதம் காற்றாகாமல் நிற்க வேண்டும். இருவரும் இந்த இரண்டையும் தொடுகிற ஸ்ருதிதான் சரி. அப்படி ஒன்று அமையவில்லையென்றால், ஸ்ருதியை மாற்றாமல் வரிகளைப் பங்கிடுங்கள்: மேலே எட்டுகிறவருக்குச் சோஹினியின் மேல் வரிகள், கீழே நிற்கிறவருக்கு யமனின் தொடக்கம்.

யூடியூபில் ஓடும் பாட்டோடு சேர்ந்து வாசித்தால் எந்தக் கட்டையிலும் ஒட்டவில்லை. என் கீபோர்டு பழுதா?

கீபோர்டு சரியாகத்தான் இருக்கும். பழைய இசைத்தட்டு, நாடா, படப்பிரதி ஆகியவற்றிலிருந்து மாற்றும்போது ஓடும் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஸ்ருதியும் கூடவே நகரும். அதனால் ஸட்ஜம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுகிறது. ஒரே பாட்டின் இரண்டு பதிவேற்றங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாததும் இதனால்தான்.

முதலில் பாட்டில் ஸட்ஜம் நீண்டு நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, டியூனர் செயலியில் எத்தனை சென்ட் விலகியிருக்கிறது என்று பாருங்கள். 100 சென்ட் ஒரு அரை ஸ்வரம். பிறகு கீபோர்டின் டியூனிங் அமைப்பில் அதே அளவு ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். டிரான்ஸ்போஸ் பொத்தான் போதாது, அது முழு அரை ஸ்வரமாக மட்டுமே நகரும். ஆர்மோனியம் வாசிக்கிறவர்களுக்கு இந்த வழி இல்லை, அவர்கள் பாட்டையே செயலியில் ஏற்றி ஸ்ருதியை நகர்த்திக்கொள்ள வேண்டும். அப்போது வேகம் மாறாதபடி ஸ்ருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.